“யாரோட சாப்பிட்ட?” – மதிய இடைவேளையில் பிள்ளைகள் கூடிப் பழக 18 குறிப்புகள்

பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் நம் கை முதலில் போவது லஞ்ச் பேக்குக்குத்தான். டப்பா காலியாக இருந்தால் நிம்மதி. மிச்சம் இருந்தால் வசவு. யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், சாப்பிட்ட பிறகு என்ன செய்தாய் என்று கேட்பது அபூர்வம். வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதை ஆசிரியர் சொல்லிவிடுகிறார். வேனில் இடம் குறித்தாகிவிட்டது. மாலையில் டியூஷன். யாருடன் இருப்பது, என்ன பேசுவது, எதை விளையாடுவது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கும் நேரம் மதிய இடைவேளைதான். அங்கே நாம் போய் நட்பு பிடித்துக் கொடுக்க முடியாது. ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு நேரம் மிஞ்சுமா, பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு கிடைக்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் காலையில் நம் அடுக்களையிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

அடுக்களையில் செய்ய வேண்டியவை

1. நிமிடங்களைக் கணக்குப் போடுங்கள். இடைவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பெல் அடித்து, நோட்டை மூடி, கை கழுவும் குழாயில் வரிசையில் நின்று, இடம் பிடித்து உட்காருவதற்குள் 10 நிமிடம் போய்விடும். சாப்பிட 25 நிமிடம் ஆனால் விளையாட மிஞ்சுவது ஐந்தே நிமிடம். அதற்குள் மற்றவர்கள் அணி பிரித்து ஆட்டத்தைத் தொடங்கியிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்குக் கட்டும் அதே சாப்பாட்டை அதே டப்பாவில் போட்டு, டிவியும் போனும் இல்லாமல் சாப்பிடச் சொல்லி நேரம் பாருங்கள். 15 நிமிடத்தில் முடிகிற அளவும் வகையும் எது என்று தெரிந்துவிடும்.

2. பிள்ளையே திறக்க முடிகிற டப்பாவாக வாங்குங்கள். நான்கு பக்கமும் க்ளிப் போட்ட டப்பா நமக்குச் சுலபம். ஆறு வயது விரலுக்குக் கஷ்டம். ஆயாம்மா வந்து திறந்து கொடுக்கும்வரை பிள்ளை காத்திருக்கும். சூடான சாதத்தைப் போட்டு உடனே மூடினால், ஆறியதும் உள்ளே காற்று சுருங்கி மூடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆவி அடங்கிய பிறகு மூடுங்கள். புது டப்பா, புது தண்ணீர் பாட்டில் எதுவானாலும் வீட்டில் நாலு தடவை திறந்து மூடப் பழக்கிவிட்டுக் கொடுத்தனுப்புங்கள்.

3. காலை எட்டு மணிப் பதத்தைப் பார்த்துக் கட்டாதீர்கள். மதியம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தயிர் சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் ஊற்றித் தளரப் பிசைந்தால், மதியம் புளிக்காமல் அள்ளிச் சாப்பிடும் பதத்தில் இருக்கும். சாம்பார் சாதமும் பிசிபேளாபாத்தும் நேரம் ஆக ஆக இறுகும் என்பதால் வெந்நீர் கொஞ்சம் கூடவே விடலாம். சப்பாத்தியை முழுசாக வைத்தால் பிய்த்துத் தின்னவே நேரம் போகும். காயை உள்ளே வைத்துச் சுருட்டிக் கொடுங்கள். முள்ளுள்ள மீன், எலும்புள்ள கறி, தோலோடு ஆரஞ்சு எல்லாம் விடுமுறை நாளுக்கு இருக்கட்டும்.

4. “காலி பண்ணிட்டுத்தான் எந்திரிக்கணும்” என்ற உத்தரவை விட்டுவிடுங்கள். எல்லோரும் மைதானத்துக்கு ஓடிய பிறகும் வகுப்பில் தனியாக உட்கார்ந்து கடைசிக் கவளத்தை மென்றுகொண்டிருக்கும் பிள்ளை, அம்மாவின் வசவுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான். அளவைக் குறைத்துக் கட்டுங்கள். மாலை வந்ததும் ஒரு தோசை கூடுதலாக வார்த்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

5. பள்ளி கேட்டில் போய் ஊட்டுவதை நிறுத்துங்கள். சூடாகச் சாப்பிடட்டும் என்று மதியம் பள்ளிக்கே சாப்பாடு எடுத்துப்போய், மரத்தடியில் உட்கார வைத்து ஊட்டிவிடும் அம்மாக்களையும் பாட்டிகளையும் நம் ஊர்களில் பார்க்கலாம். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கதை பேசுகிறார்கள்; நம் பிள்ளை அந்தக் கதையில் இல்லை. எல்.கே.ஜி.யில் சில வாரம் போகலாம். பிறகு வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைத்து, ஒன்றாம் வகுப்புக்குள் முழுவதும் நிறுத்திவிடுவது நல்லது.

6. பகிர்ந்துகொள்ள ஒரு கை கூடுதலாக வையுங்கள். “இந்தா, எடுத்துக்கோ” என்பதைவிடச் சுலபமான பேச்சுத் தொடக்கம் கிடையாது. எண்ணி எடுக்கக் கூடியதாக, கையில் ஒட்டாததாக இருக்க வேண்டும். மினி பொடி இட்லி, சின்னச் சின்னக் கொழுக்கட்டை, எள்ளுருண்டை, பொரி உருண்டை, சீடை, வெள்ளரிக்காய்த் துண்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்று எல்லாம் தோதானவை. தினமும் வேண்டாம், வாரத்தில் ஓரிரு நாள் போதும். விலை உயர்ந்த சாக்லேட்டைக் கட்டிக் கொடுத்தால் கூட்டம் சேரும், தீர்ந்ததும் கலையும். அதோடு, சாக்லேட் கொண்டுபோகாத நாளில் பிள்ளைக்குத் தயக்கம் வந்துவிடும்.

7. பகிர்வதற்கு முன் கேட்கப் பழக்குங்கள். “நீ இது சாப்பிடுவியா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வேர்க்கடலை, முந்திரி, முட்டை, பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. சில வீடுகளில் முட்டை, கறி சாப்பிட மாட்டார்கள். உணவைப் பரிமாறிக்கொள்ளவே கூடாது என்று விதி வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நம் காலத்துக் காக்காக்கடி இனித்தது உண்மைதான். ஆனால் எச்சில் படாமல் பகிர, இன்றைய பிள்ளையிடம் ஒரு ஸ்பூன் கூடுதலாகக் கொடுத்தனுப்புவது நல்லது.

8. டப்பாவைக் கேலி செய்தால் சொல்ல ஒரு பதில் கொடுத்தனுப்புங்கள். “ஐயே, கருவாடா!”, “தினமும் தயிர் சாதமா?” என்று யாராவது சொல்லிவிட்டால், சில பிள்ளைகள் டப்பாவைத் திறக்காமலே தனியாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். “எங்க வீட்ல இப்படித்தான், எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவதை வீட்டில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அழுதாலோ கோபித்தாலோ கேலி நீளும். கண்டுகொள்ளாவிட்டால் இரண்டு நாளில் ஓயும். நம் பிள்ளையே மற்றவர் டப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். இந்தப் பழக்கம் பெரும்பாலும் நம் வீட்டுப் பேச்சிலிருந்துதான் போகிறது.

வீட்டில் பழக்க வேண்டியவை

9. யாரோடு சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பாதீர்கள். சாதியைப் பார்த்து, தெருவைப் பார்த்து, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பார்த்துப் பழகச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பெரும் போராட்டமே நடத்தினார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்த மண் இது. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பசியைத் தீர்த்ததோடு, பிள்ளைகளை ஒரே பந்தியிலும் உட்கார வைத்தன. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டு டப்பா கொண்டுபோனால், சத்துணவு சாப்பிடும் நண்பர்கள் ஒரு பக்கம், டப்பாக்காரர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துபோவது உண்டு. வாரத்தில் சில நாள் நம் பிள்ளையும் தட்டை எடுத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கட்டும். சத்துணவில் முட்டையும் கிடைக்கும்.

10. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “உனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா, இல்லையா?” என்பது விசாரணை. “இன்னைக்கு யார் டப்பால என்ன இருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து டப்பாவில் இருந்தது லெமன் சாதம் என்று சொல்கிற பிள்ளை யாரோடோ சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது. நாலு நாளும் “தெரியலை” என்று வந்தால் கவனிக்கலாம். பள்ளி கேட்டைத் தாண்டியதும் கேட்காதீர்கள். குளிக்கும்போதோ தூங்கப் போகும்போதோ கேட்டால், கேட்காததும் சேர்ந்து வரும்.

11. ஆட்டத்தில் நுழையும் வித்தையைச் சொல்லிக் கொடுங்கள். இந்தக் குறிப்புகளில் அதிகம் உதவக்கூடியது இதுதான். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கார்சாரோ 1970களில் மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர்கள் விளையாட்டைக் கவனித்து எழுதினார். புதிதாக வரும் பிள்ளையை முதலில் விலக்கிவிடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது என்று அவர் கண்டார். வெறுப்பு அதற்குக் காரணமில்லை. நடந்துகொண்டிருக்கும் ஆட்டம் கலைந்துவிடுமோ என்ற பயம்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்கிறவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அதனால் வழியைப் படிப்படியாகச் சொல்லுங்கள். முதலில் பக்கத்தில் நின்று என்ன ஆட்டம், யார் எந்தப் பக்கம் என்று பார். பந்து வெளியே ஓடினால் எடுத்துப் போடு. ஸ்கோர் சொல்ல ஆளில்லை என்றால் நீ சொல். ஆட்டம் முடிந்து மறுபடி சா பூ த்ரீ போடும்போது கையை நீட்டு. “என்னையும் சேர்த்துக்குவீங்களா?” என்று கேட்டால் “மாட்டோம்” என்று சொல்ல வாய்ப்பு கொடுத்ததாகிவிடும். “நான் எந்த டீம்?” என்று கேட்டால் ஏதாவதொரு அணியைச் சொல்லியாக வேண்டும். முதல் தடவை ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டாலும் போதும். இதை வீட்டில் அண்ணன், அக்கா, தாத்தா எல்லோரும் சேர்ந்து நடித்துப் பார்க்கலாம். “போ, இடமில்லை” என்று தாத்தா விரட்டுவதும் அதில் இருக்கட்டும்.

12. செலவில்லாத இரண்டு விளையாட்டை முழுமையாகக் கற்றுக் கொடுங்கள். ஓடக் கூடாது, பந்து கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் பள்ளிகள் நிறைய. உட்கார்ந்த இடத்தில் ஆடுவதற்குப் புக் கிரிக்கெட் இருக்கிறது: புத்தகத்தைச் சட்டென்று பிரித்து, இரட்டைப்படைப் பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 2, 4, 6 என்றால் ரன், 0 என்றால் அவுட். 8 வந்தால் என்ன என்பதை ஆட்டம் தொடங்கும் முன் பேசிக்கொள்ள வேண்டும். விரல்களைக் காட்டி ஆடும் கை கிரிக்கெட், நாலு துண்டுச் சீட்டில் ராஜா ராணி போலீஸ் திருடன், நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்துக் கட்டம் பிடிப்பது, பையில் ஐந்து கல் இருந்தால் அஞ்சாங்கல், மண்தரை இருந்தால் பாண்டி. விதி தெரிந்த பிள்ளையைத் தேடி மற்றவர்கள் வருவார்கள்.

13. தோற்கப் பழக்குங்கள். அவுட் ஆனதும் அழுகிற, “நான் வரலை” என்று கட்டத்தை அழித்துவிட்டுப் போகிற பிள்ளையை அடுத்த நாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் கேரமோ தாயமோ ஆடும்போது பாவம் பார்த்து எப்போதும் விட்டுக்கொடுக்காதீர்கள். தோற்ற பிறகு “சரி, அடுத்த ஆட்டம்” என்று சொல்வதை நீங்களே செய்து காட்டுங்கள். விதியைப் பற்றித் தகராறு வந்தால் மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்ப்பது என்ற வழக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

14. கூட்டத்தைத் தேடாதீர்கள், ஒரு பிள்ளை போதும். பள்ளி மாறி வந்த பிள்ளையின் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் ஏற்கெனவே பழகியிருப்பார்கள். அது மட்டும் புதிது. முதல் வாரம் தினமும் இரண்டு பெயரைத் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். யாருடைய பெயர் அடிக்கடி வீட்டில் அடிபடுகிறதோ அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் பேசி, ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்கோ பூங்காவுக்கோ வரச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் சேர்ந்து விளையாடியவர்கள் திங்கட்கிழமை மதியம் தானாகவே பக்கத்தில் உட்காருவார்கள்.

15. காய் – பழம் சண்டையில் தலையிடாதீர்கள். நேற்று காய் விட்டவர்கள் நாளை பழம் விட்டுவிடுவார்கள். இரவு ஒன்பது மணிக்கு அந்த அம்மாவுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டால், பிள்ளைகள் சேர்ந்த பிறகும் பெரியவர்கள் பேசாமல் இருப்போம். “நீ என்ன சொன்ன, அவ என்ன சொன்னா?” என்று கேட்டுக்கொண்டு, நாளைக்கு என்ன செய்யலாம் என்பதைப் பிள்ளையையே சொல்ல விடுங்கள்.

16. தனியாக இருக்கும் எல்லாப் பிள்ளையும் வருந்துவதில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகள் தனியாக ஆடுவது, மற்றவர் ஆடுவதைப் பார்ப்பது, பக்கத்தில் இருந்தும் தன்பாட்டுக்கு ஆடுவது, சேர்ந்து ஆடுவது என்று பல வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஓரமாக நின்று பார்ப்பதும் ஒரு வகைப் பங்கேற்புதான். காலையிலிருந்து சத்தத்தில் இருந்துவிட்டு, மதியம் ஒரு மூலையில் படம் வரைவதில் நிம்மதி காணும் பிள்ளைகளும் உண்டு. ஆட்டிசம், திக்குவாய், கேட்கும் திறன் குறைவு உள்ள பிள்ளைகளுக்கு இரைச்சலான கூட்டத்தைவிட அமைதியான இடத்தில் ஒரே ஒரு துணை பொருத்தமாக இருக்கலாம். நாம் பிரித்தறிய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைக்குச் சேர விருப்பமில்லையா, விருப்பம் இருந்தும் வழி தெரியவில்லையா? வழி தெரியாத பிள்ளைக்குத்தான் நம் உதவி வேண்டும்.

பள்ளியோடு பேச வேண்டியவை

17. ஆசிரியரிடம் புகாராகப் போகாமல் உதவி கேட்டுப் போங்கள். “என் பொண்ணோட யாருமே சேர்றதில்லை, நீங்க என்ன பாக்குறீங்க?” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். “மதியம் எங்க உட்கார்றா, யாரோட இருக்கான்னு ஒரு வாரம் பார்த்துச் சொல்ல முடியுமா மிஸ்?” என்று கேளுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற, நூலகப் புத்தகம் அடுக்க என்று இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு வேலை கொடுத்தால் பேச்சு தானாக வரும். “எல்லாரும் இவனோட விளையாடுங்க” என்று வகுப்பில் அறிவிக்க மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அதைவிடக் கூச்சம் வேறில்லை. பொது விதியாக வைத்தால் யாரையும் சுட்டாது. அமெரிக்க மழலையர் பள்ளி ஆசிரியர் விவியன் பேலி, யாரும் யாரையும் ஆட்டத்தில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்ற விதியைத் தன் வகுப்பில் கொண்டுவந்தார். அந்த அனுபவத்தை 1992இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். வீட்டுப்பாடம் முடிக்காததற்குத் தண்டனையாக மதிய இடைவேளையைப் பிடுங்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதையும் பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள்.

18. பழக்கமின்மை வேறு, கொடுமை வேறு. டப்பா தினமும் நிறைந்தே திரும்பி வருவது, ஸ்நாக்ஸை யாரோ பிடுங்கிக்கொள்வது, பென்சிலும் ரப்பரும் அடிக்கடி காணாமல் போவது, திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி வருவது, இடைவேளை முழுவதும் கழிவறைப் பக்கமே நிற்பது, சாதியையோ நிறத்தையோ உடலையோ சொல்லி ஒதுக்குவது இவையெல்லாம் தெரியவந்தால் மேலே சொன்ன குறிப்புகள் போதாது. “நீயும் திருப்பி அடி” என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். என்ன, எப்போது, யார் என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு, வகுப்பாசிரியரையும் தலைமை ஆசிரியரையும் நேரில் பாருங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான அவசர உதவி எண் 1098. இதைப் பிள்ளைக்கே மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இவற்றில் எதையும் ஒரே வாரத்தில் செய்து பார்த்துவிட்டுச் சலித்துக்கொள்ள வேண்டாம். இந்த வாரம் டப்பாவை மாற்றுங்கள், அடுத்த வாரம் ஒரு விளையாட்டைச் சொல்லிக் கொடுங்கள். ஜூனில் தனியாக உட்கார்ந்த பிள்ளைக்குக் காலாண்டுத் தேர்வுக்குள் ஒரு துணை கிடைத்தாலே நல்ல வேகம்தான். நம் பிள்ளைக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது என்றால் இன்னொன்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது: டப்பாவோடு இடம் தேடி யாராவது நின்றால், கொஞ்சம் நகர்ந்து, “இங்க வா, உக்காரு” என்று சொல்ல வேண்டும்.